ஸ்பேனர் சித்தப்பா இறுக்காத நட்டு

அந்த ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் எட்டுப் போட்டது போல நெளிந்திருந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் பார்க்க, சீட்டு வேறு பக்கம் பார்த்தது. கடை வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு, சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஸ்பேனர் சித்தப்பாங்கறது நீங்கதானே?" என்று கேட்டார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்டத்தட்ட தன் வயதே உள்ள ஒருவர் வந்து சித்தப்பா என்று கூப்பிட்டால் வேறு என்ன செய்வது?

சொந்தத் தெருவில் அவர் வெறும் மெக்கானிக்தான். சித்தப்பா ஆனது இணையத்தில். பதினோரு வருடத்துக்கு முன்னால், மழை பெய்து ஆளே வராத ஒரு பகலில் போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குழு ஒன்றில் யாரோ புலம்பியிருந்ததைப் பார்த்தார். இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது, ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், கால் சுளுக்கியதுதான் மிச்சம் என்று எழுதியிருந்தது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். இடது பெடலுக்குத் திருகு மரை தலைகீழ், மற்ற நட்டுகளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அந்த மகராசன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். ஒற்றை விரலால் அரைமணி நேரம் தட்டி, கண்டபடி திட்டி, நடுநடுவே விளக்கமும் சொல்லி ஒரு பதில் போட்டார். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். "எங்க சித்தப்பா மாதிரியே திட்டித் திட்டிச் சொல்லித் தர்றாரு" என்று ஒரு பெண் எழுதினாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்பேனர் எப்போது முன்னால் வந்து சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

அப்புறம் வீடியோ. வேலை மேசையில் இருந்த பிடிப்பானில் போனைக் கவ்வ வைத்துவிட்டு, கையையும் குரலையும் மட்டும் காட்டுவார். முகத்தைக் காட்டினால் பார்க்கிறவன் ஓடிவிடுவான் என்பது அவர் கட்சி. அறுநூற்று நாற்பது வீடியோக்கள். கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவர் நடுக்கடலிலிருந்து கேள்வி கேட்பார். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவர் வீடியோவைப் பார்த்தே நாற்பது சைக்கிளைச் சரி செய்ததாகப் படம் அனுப்பினார்கள். "ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்றீங்க, நான் கேட்டா மட்டும் 'ம்' தான்" என்று நாளிதழ் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கும் அவர் மனைவி குத்திக்காட்டுவாள். அதற்கும் அவர் 'ம்' என்பார்.

"நான்தான், சொல்லுங்க. எப்படி ஆச்சு இது?"

வந்தவர் சுவருக்கு வெள்ளையடிக்கிறவர். முழங்கை வரை பெயிண்ட் நீலமும் மஞ்சளுமாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. "என் சம்சாரத்தோட சைக்கிள். போன வாரம் பாலத்து இறக்கத்துல விழுந்துட்டா. முன்னால பஸ் திரும்பியிருக்கு, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சிருக்கா, ரெண்டும் நிக்கல. கைப்பிடிச் சுவத்துல போய் மோதி… மணிக்கட்டு உடைஞ்சிருச்சு, தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருச்சு, முன்பல்லு ரெண்டு போயிருச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் சண்டைக்கு வரல. பிரேக் கம்பி ரெண்டையும் அவளேதான் புதுசா மாத்துனா. நான் என்ன தப்பு செஞ்சேன், என்ன தப்பு செஞ்சேன்னு படுக்கையில கிடந்து புலம்புறா. நீங்க பார்த்துச் சொன்னா, போய் அவகிட்டச் சொல்லுவேன்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பிரேக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் நட்டுக்கு அடியில் கம்பி வழுக்கிப் போன தடம் பளபளவென்று தெரிந்தது. பின்பிரேக்கிலும் அதே தடம்.

"கம்பியை மாட்டி, முதல்ல நட்டை லேசா இறுக்கணும். பிரேக் கட்டைக்கும் சக்கரத்து ரிம்முக்கும் நடுவுல இடைவெளி சரியா இருக்கான்னு பார்க்கணும். அப்புறம் ரெண்டாவது தடவை ஸ்பேனரைப் போட்டு நல்லா பலமா இறுக்கணும். ரெண்டாவதா இறுக்கவே இல்ல இவங்க. சும்மா தெருவுல ஓட்டுறப்போ பிடிக்கும். அவசரத்துக்கு அழுத்திப் பிடிச்சா கம்பி நழுவிடும்." சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. "உயிர் போற சமாச்சாரம்ங்க. அரைகுறையாச் செய்றதுக்கு இது என்ன பொம்மையா? தெரியலன்னா கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?"

வெள்ளையடிப்பவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். உங்க வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொண்ணாச் செஞ்சா. அதுல இல்லாத எதையும் அவ செய்யல. இருக்கிற எதையும் விடவும் இல்ல" என்றார்.

"அதெப்படி? காட்டுங்க."

இரண்டு பேரும் ஒரே போனின் மேல் குனிந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோ. நாலு லட்சம் பேர் பார்த்தது. கரும்பச்சை சைக்கிள். தன் கை கம்பியை நுழைப்பதை மெக்கானிக் பார்த்தார். "முதல்ல லேசா இறுக்கிக்கோங்க, முழுசா இல்ல, அது அப்புறம்" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டார். திரையில் அந்தக் கை கட்டைகளைச் சரி பார்த்தது. ஏழாவது நிமிடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளியது. துள்ளியதற்குப் பிறகு மேசையோரம் ஒரு தேநீர்க் குவளை இருந்தது, அதற்கு முன்னால் இல்லை. யாரோ வந்திருக்கிறார்கள். இவர் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து மறுபடி ஓட விட்டிருக்கிறார். திரும்பி வந்த கை கம்பியின் மிச்ச நுனியை வெட்டியது, மூடி போட்டது, பிரேக்கை இரண்டு தடவை பிடித்துக் காட்டியது. சக்கரம் நின்றது. "பின்பிரேக்குக்கும் இதே கதைதான். அவ்வளவுதான், முடிஞ்சது. இனிமே கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று குரல் சொன்னது.

அவர் பின்னால் தள்ளிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது முறை அந்தத் துள்ளலிலேயே நிறுத்தி வைத்தார். தெருவில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. யார் வந்தார்கள் அன்றைக்கு? என்ன பேசினார்கள்? எவ்வளவு யோசித்தும் ஒரு சொட்டு ஞாபகமும் இல்லை.

"நான் இறுக்கல," என்றார். "நான்தான் இறுக்கல."

அடி விழும் என்றே அவர் எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளையடிப்பவரோ அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "அப்போ அவ மேல தப்பு இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அவ மேல தப்பே இல்ல. இதை நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுவீங்களா?"

"வர்றேன்," என்றார் மெக்கானிக்.

உடைந்த சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வெள்ளையடிப்பவர் போன பிறகுதான், வீடியோவில் இருந்த அந்தக் கரும்பச்சை சைக்கிள் மண்டையில் உறைத்தது. அது மூன்று கடை தள்ளி இருக்கும் மருந்துக்கடைக்காரருடையது. வீடியோவில்தான் விட்டுப்போயிருக்கும், சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படியும் இறுக்கியிருப்போம் என்று மனம் ஒரு நொடி சமாதானம் சொன்னது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டக்கூடச் செய்யாமல் ஓடினார்.

சைக்கிள் மருந்துக்கடை வாசலில் நின்றது. முன்பிரேக் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நகரக் கூடாது, நகரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே திருப்பினார். நட்டு முக்கால் சுற்று சுற்றியது.

"என்னங்க, கேக்காமலே சர்வீஸா?" என்று மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அந்த பிரேக் எப்பவுமே மாசத்துக்கு ஒரு தடவை தளர்ந்து போகும். நானே மேல இருக்கிற திருகைக் கொஞ்சம் முறுக்கி விட்டுக்குவேன். பழகிப்போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மாட்டிக் கொடுத்த பிரேக். அதுல என்ன குறை இருக்கப் போகுது? சைக்கிளுக்கு வயசாச்சுன்னு நினைச்சேன்."

மெக்கானிக் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாக, தினமும் காலையிலும் மாலையிலும், இந்த மனிதர் இந்த பிரேக்கை நம்பி, பின்னால் கூடையில் மருந்துப் பெட்டிகளோடு கடைத்தெருவில் ஓட்டியிருக்கிறார். எழுந்து முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் இறுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். சமையலறை மேசையில் அச்சுத்தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவை மூடிவிட்டு வீடியோவை ஒருமுறை பார்த்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடமும் போனில் சொன்னார்கள்.

"அப்பா, முதல்ல அதை அழிச்சிருங்க," என்றாள் மகள். பதற்றத்தில் குரல் உயர்ந்திருந்தது. "யார்கிட்டயும் எதையும் ஒத்துக்காதீங்க. இணையத்துல ஒருத்தனும் உங்களை விடமாட்டான். பதினோரு வருஷத்துப் பேரு, ஒரே நாள்ல நாறடிச்சிருவாங்க."

"அழிச்சா இனிமே பார்க்கிறவங்க தப்பிப்பாங்க," என்றார் அவர். "ஏற்கெனவே பார்த்து மாட்டினவங்க?"



மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நாங்க பிழை விட்டா மறுநாள் உள்பக்கத்துல, மூலையில, எறும்பு சைஸ்ல திருத்தம் போடுவோம். யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னே போடுற மாதிரி. நீங்க அப்படிப் போடாதீங்க."

அன்று மாலையே திருத்த வீடியோ போட்டார். முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டினார். எழுதி வைத்த தாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தாளைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். என்னை நம்பின ஒரு அம்மா கை உடைஞ்சு கிடக்காங்க. இந்த வீடியோவைப் பார்த்து பிரேக் மாட்டினவங்க எல்லாரும், இப்பவே, ஓட்டுறதுக்கு முன்னாடி, இந்த நட்டுல ஸ்பேனரைப் போட்டுப் பாருங்க. தெரிஞ்சவங்க யாராவது மாட்டியிருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க." பழைய வீடியோவின் தலைப்பை மாற்றி, 'இது தவறு, இதன்படி செய்யாதீர்கள்' என்று வைத்தார்.

மகள் சொன்னபடியே வசவு வந்தது. கொலைகாரன் என்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவனெல்லாம் பாடம் நடத்தினால் இப்படித்தான் என்றார்கள். அதெல்லாம் அவரைத் தொடவில்லை. நடுங்க வைத்தது வேறு பதில்கள். "பார்த்தேன் சித்தப்பா, லூஸாத்தான் இருந்தது." "என் பொண்ணு சைக்கிள், அரைச் சுற்று நகர்ந்தது." "அம்மா தினமும் ஓட்டுறாங்க, ரெண்டு பிரேக்கும் லூஸ், இறுக்கிட்டேன்." ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மூன்று நாளில் நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டுப் பேர் ஏதோ ஓர் இறக்கத்துக்கும் ஏதோ ஒரு பஸ்ஸுக்கும் காத்திருந்திருக்கிறார்கள். கப்பல் சமையல்காரர் பதில் போடவில்லை. கடலில் சிக்னல் இருக்காது என்று மனைவி சொன்னாள்.

நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனார். மாடியில் இரண்டு அறை. சுவர் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. ஜன்னலோரத்தில் நாலைந்து தையல் மெஷின்கள் தலை கழற்றி, துணியால் மூடிக் கிடந்தன. அவள் அவற்றைப் பழுது பார்க்கிறவள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. அந்தக் கைதான் அவளுடைய பிழைப்பு.

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாசலிலேயே மறந்துபோயிற்று. "தப்பு என்னுதும்மா," என்றார். "உங்க மேல ஒரு துளிகூட இல்ல. நான் ஒரு நட்டை இறுக்க மறந்துட்டேன். நான் காட்டினதை அப்படியே நம்பினீங்க, அவ்வளவுதான் நீங்க செஞ்சது."

இரண்டு பல் போனதால் பேச்சில் காற்று கலந்து வந்தது. "நீங்க இறுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், சித்தப்பா."

அவருக்குப் புரியவில்லை. கட்டிலருகே நின்றிருந்த அவள் கணவருக்கும் புரியவில்லை. "என்ன சொல்ற நீ?" என்றார் அவர்.

"இருபது வருஷமா நட்டும் ஸ்க்ரூவும்தான் என் பொழப்பு. அப்புறம் இறுக்கணும்னு வாயால சொன்னீங்க, கையால செய்யல. வீடியோவை ரெண்டு தடவை பின்னால தள்ளிப் பார்த்தேன். ஸ்பேனரை எடுத்து நட்டுல போட்டுட்டேன்கூட." இடது கையால் காற்றில் பிடித்துக் காட்டினாள். "அப்புறம் ஒரு நினைப்பு வந்துச்சு. தையல் மெஷின்ல பாபின் கேஸ்னு ஒண்ணு இருக்கு, கீழ்நூலைப் போடுற டப்பி. அதுல இருக்கிற ஸ்க்ரூவை முழுசா முறுக்கக் கூடாது, முறுக்கினா நூல் வராது. வெளியாளு பார்த்தா, இவ இறுக்காம விட்டுட்டான்னுதான் நினைப்பான். அந்த மாதிரி இதுலயும் ஏதோ இருக்கும், இறுக்கினா கம்பி நசுங்கிடுமோ என்னமோ, சித்தப்பாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு… ஸ்பேனரை எடுத்துட்டேன்."



தெரியாத ஒருத்தி, தான் சொன்னதைக் கேட்டு விழுந்தாள் என்று நினைத்துத்தான் மூன்று நாளாக வெந்துகொண்டிருந்தார். அதைத் தாங்குவதற்குக்கூட மெல்ல மெல்லப் பழகிக்கொண்டிருந்தார். இது அப்படியில்லை. இந்தக் கைக்குச் சரியானது தெரிந்திருக்கிறது. ஸ்பேனர் நட்டின் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதை எடுக்க வைத்தது தன் மறதி இல்லை, தன் பெயர். அறுநூற்று நாற்பது வீடியோவும், திட்டும், கிண்டலும், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் என்ற அந்தக் குரலும் சேர்ந்து, இருபது வருட அனுபவமுள்ள ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டிருக்கின்றன.

"ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமேம்மா," என்றார் கடைசியில். குரல் கெஞ்சலாக இருந்தது.

"எழுதினேன். பாதி அடிச்சிட்டு அழிச்சிட்டேன். கீழ ஆயிரம் பேரு ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு நடுவுல போய் நான் கேட்டா, இவ யாருடா அறிவாளின்னு சிரிக்க மாட்டாங்களா? நீங்களும் திட்டுவீங்க. திட்டுவீங்கதானே?"

திட்டியிருப்பார். வெள்ளையடிப்பவர் முதல் நாள் கேட்டதற்கே திட்டியவர்தானே.

அதன் பிறகு ஏழு வாரம் அவர் புதுப் பாட வீடியோ போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த மாலைகளிலும் பழைய வீடியோக்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவி பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தாள். அவளுக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே, "இப்பதானே ஏழு இருக்குன்னு சொன்னீங்க, ஆறுதான் போட்டீங்க" என்று அவளால் சொல்ல முடிந்தது. இன்னும் மூன்று பிழை கிடைத்தன. இரண்டு சாதாரணம். மூன்றாவது சக்கரத்தைப் பற்றியது, சாதாரணம் இல்லை. அதைக் கண்டுபிடித்த மாலை அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடி கேமராவின் முன்னால் உட்கார்ந்தார். மறுபடி வசவு, மறுபடி 'லூஸாத்தான் இருந்தது.' கப்பல் சமையல்காரர் அந்த வாரம்தான் கரையிறங்கி எழுதினார்: என் மடக்கு சைக்கிளுக்கு வேறு மாதிரி பிரேக், பிழைத்தேன், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு அந்தப் பெண் கணவரோடு கடைக்கு வந்தாள். மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கனமான மெஷின்களைத் தூக்க வெள்ளையடிப்பவர்தான் உதவ வேண்டியிருக்கிறது. அவள் சைக்கிளை மெக்கானிக் சக்கரம் மாற்றி, நெளிவு எடுத்துத் தயாராக வைத்திருந்தார். பிரேக் கம்பி மட்டும் போடவில்லை.

"நீங்க எதிர்ல உக்காருங்க," என்றார். "நான் போடறேன், வீடியோ ஓடட்டும். எங்க உறுத்துதோ அங்க நிறுத்துங்க. நான் திட்டினாலும் நிறுத்துங்க."

அவள் நிறுத்தினாள். நிறுத்திக்கொண்டே இருந்தாள். கம்பியை நுழைக்கும்போது நிறுத்தினாள், கட்டையைத் தொட்டபோது நிறுத்தினாள். பெரும்பாலும் அவர் செய்தது சரியாகத்தான் இருந்தது. நாலாவது தடவை அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். லேசாக இறுக்கிவிட்டு, அடுத்த வேலைக்குப் போகத் திரும்பினார்.

"இருங்க."

"இன்னும் முடியலம்மா, முழுசா இறுக்கறது அப்புறம்."

"அது தெரியும். முதல்லயே முழுசா இறுக்கினா என்ன ஆகும்? அதைச் சொல்லவே இல்லையே."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே…"

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

அவர் நட்டைப் பார்த்தார். முப்பது வருடமாக லேசாக இறுக்கி, பிறகு பலமாக இறுக்கியிருக்கிறார். ஏனென்று ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கம்பியைப் பலமாக ஒருமுறை நசுக்கிவிட்டால் அந்த இடத்தில் இழைகள் பிரிந்துபோகும், பிறகு தளர்த்தி நகர்த்தினால் மறுபடி பிடிப்பு நிற்காது. அவள் சந்தேகப்பட்டதில் பாதி உண்மை இருந்தது. அதைத் தட்டுத் தடுமாறி, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். அவள் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டாள். வெள்ளையடிப்பவர் ஒன்று கேட்டார். அதற்குப் பதினோரு நிமிடம் பிடித்தது.

பிறகு ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். அவள் வலது கையால் வாங்கி, மடங்காத மணிக்கட்டோடு ஒரு நொடி தடுமாறி, இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நட்டைப் பலமாக இறுக்கினாள். அவர் குனிந்து அதைத் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.